நம் மலையிலேயே டவர் இல்லை, வெளிநாட்டுக்கு இணைய உதவி எதற்கு?

காப்பிக்காடு:

வணக்கம். ஏற்காட்டில் இருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊரில் மிளகும் காப்பியும் வைத்திருக்கிறோம். ஏரிப் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு எல்லா கம்பெனி சிக்னலும் ஜோராக வரும், எங்கள் ஊருக்குள் பாறை மேல் ஏறினால்தான் ஒரு போன் பேச முடியும். ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற மிஷினைக் கடைக்காரர் வெளியே தூக்கி வந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பிடிப்பார், பின்னால் மொத்த ஊரும் பையோடு நிற்கும்.

தங்கை மகள் சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். உலகத்தில் டிஜிட்டல் இடைவெளியைக் குறைக்க அரசுகள் வெளிநாடுகளுக்கு உதவ வேண்டுமா என்று அவளுக்கு ஒரு பட்டிமன்றம். இந்தியாவே பக்கத்து நாடுகளுக்கு ஒரு சாட்டிலைட்டை இலவசமாகக் கொடுத்திருக்கிறது, ஆப்பிரிக்காவுக்கு ஆன்லைன் படிப்பு கொடுக்கிறது என்று சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. வீட்டுக் கூரை ஒழுகும்போது ஊருக்குப் பந்தல் போடுவது நியாயமா? அப்புறம் இன்னொன்று, அந்த உதவி அங்கே இருக்கிற என்னை மாதிரி ஆளுக்காவது போய்ச் சேருகிறதா, இல்லை ரிப்பன் வெட்டிப் போட்டோ எடுத்ததோடு முடிகிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய எக்ஸ்சேஞ்ச்:

தம்பி, தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்று அஸ்தம்பட்டியில் உட்கார்ந்திருக்கிறேன். கோபம் நியாயம்தான், ஆனால் தப்பான கதவைத் தட்டுகிறீர்கள்.

அந்த சாட்டிலைட் ஜிசாட்-9. 2017 மே 5 அன்று போனது, மொத்தச் செலவு 450 கோடி ரூபாய் அளவில் என்று அப்போது செய்திகளில் வந்தது. நம் நாட்டில் சிக்னலே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 2022இல் மத்திய அமைச்சரவை ஒதுக்கியது 26,316 கோடி. அந்த சாட்டிலைட்டை விடாமலே இருந்திருந்தாலும் உங்கள் பாறை பாறையாகத்தான் இருந்திருக்கும். கிராமத் தொலைத்தொடர்புக்கு என்று தனி உண்டியலே இருக்கிறது. 2002இல் இருந்து தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் அதற்குப் போகிறது, யுஎஸ்ஓ நிதி என்பார்கள், இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நீங்களும் நானும் செய்கிற ஒவ்வொரு ரீசார்ஜிலும் அதில் ஒரு துளி விழுகிறது. அதில் பெருந்தொகை பல வருடம் செலவாகாமல் கிடந்தது, நாடாளுமன்றத்திலேயே கேள்வி கேட்டார்கள். பணம் வெளிநாடு போனதால் உங்களுக்கு டவர் வராமல் போகவில்லை, உள்ளூரில் இருந்த பணம் நகராததுதான் விஷயம். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் பைபர் இழுப்பதற்கு டான்பிநெட் என்று தனி நிறுவனமே வைத்திருக்கிறார்கள். பைபர் ஊராட்சி அலுவலகம் வரை வரும், அங்கிருந்து மூன்று மேடு தாண்டி இருக்கிற உங்கள் வீட்டுக்கு யார் இழுப்பது என்பது வேறு கேள்வி.

சேலத்தான் தான்சானியாவில்:

அண்ணா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் கொஞ்சம் சொல்கிறேன். ஊர் கொண்டலாம்பட்டிப் பக்கம், இப்போது தார் எஸ் சலாமில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.

கலாம் ஐயா 2004இல் சொன்ன யோசனைதான் அந்த ஆப்பிரிக்க நெட்வொர்க். சாட்டிலைட் வழியாக இங்கே இருக்கிற பல்கலைக்கழகங்களையும் மருத்துவமனைகளையும் நம் ஊரோடு இணைப்பது. 2009இல் தொடங்கியது, நாற்பதுக்கும் மேல் நாடுகள் சேர்ந்தன, சென்னைப் பல்கலைக்கழகம்கூடப் பாடம் நடத்தியது. அதே நெட்வொர்க்கில் ஜனாதிபதிகள் ஒருவருக்கொருவர் வீடியோவில் பேசிக்கொள்ளத் தனி வசதி வேறு. அதை எத்தனை பேர் பயன்படுத்தினார்களோ! அது சாட்டிலைட் காலத்துத் திட்டம். பிறகு கடல் கேபிள் வந்தது, கையில் ஸ்மார்ட்போன் வந்தது, வகுப்பறைக்குப் போய் டிஷ் வழியாகப் பாடம் கேட்பது பழசாகிவிட்டது. 2019இல் அதையே சாதாரண இணையத்தில் ஓடுகிற மாதிரி மாற்றி, 15,000 பேருக்கு உதவித்தொகை என்று மறுபடி தொடங்கினார்கள். இப்போது பக்கத்தில் சான்சிபாரில் சென்னை ஐஐடியே ஒரு வளாகம் திறந்திருக்கிறது, 2023இல் இருந்து.

ஆனால் இங்கே சாதாரண ஆள் வாழ்க்கையை மாற்றியது எது என்று கேட்டால் நான் இதில் எதையும் சொல்ல மாட்டேன். போனில் பணம் அனுப்புகிற எம்-பெசாவைத்தான் சொல்வேன். மூலைக்கு மூலை ஒரு வக்காலா, அதாவது ஏஜென்ட், குடையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் நோட்டைக் கொடுத்தால் ஊரில் இருக்கிற அம்மா போனுக்குப் போய்விடும், பட்டன் போன் போதும், இணையமே வேண்டாம். அது 2007இல் கென்யாவில் தொடங்கியது. அதை ஆரம்பத்தில் சோதித்துப் பார்க்க பிரிட்டன் அரசின் உதவித் துறை வோடபோனுக்குக் கொடுத்தது ஏறக்குறைய 10 லட்சம் பவுண்டு, கம்பெனியும் தன் பங்கைப் போட்டது. உதவிக் கணக்கில் அது சில்லறை. அதற்கு முன்னால், 2000இல் ஓகினாவா ஜி-8 மாநாட்டில், டிஜிட்டல் இடைவெளிக்கு என்று ஜப்பான் ஐந்து வருடத்துக்கு 1,500 கோடி டாலர் அறிவித்தது. அந்தத் திட்டத்தைப் பற்றி இங்கே யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், தெரியாது. எம்-பெசா தெரியாத ஆள் கிடையாது.

கோணல்கேள்வி:

எல்லோரும் ரொம்ப நல்லவர்களாகப் பேசுகிறீர்கள். உதவி என்ற பெயரில் நடப்பதில் பாதி வியாபாரம், மீதி அரசியல். ஏற்றுமதி இறக்குமதிக்கான அரசு வங்கியான எக்சிம் வங்கி மூலம் இந்தியா வெளிநாடுகளுக்குக் கொடுக்கிற கடனில் பொதுவாக 75 சதவீதம் சரக்கும் வேலையும் இந்தியாவில் இருந்தே வாங்க வேண்டும். பணம் ஒரு சுற்று சுற்றிவிட்டு நம் கம்பெனிக்கே திரும்பி வருகிறது. சீனாவும் இதைத்தான் இன்னும் பெரிதாகச் செய்கிறது. சாலமன் தீவுகள் கடல் கேபிளுக்கு சீனாவின் ஹுவாவே கம்பெனியோடு பேசி முடித்திருந்தார்கள், 2018இல் ஆஸ்திரேலியா ‘நாங்களே பெரும்பங்கு செலவு போட்டுத் தருகிறோம்’ என்று உள்ளே வந்தது. அந்தத் தீவு மக்கள் மேல் திடீர்ப் பாசமா?

இன்னொன்று. கேபிள், சாட்டிலைட், டவர் என்று எல்லோரும் ஏன் இதற்கே பணம் கொடுக்கிறார்கள்? திறந்து வைக்கலாம், கல்வெட்டில் பெயர் போடலாம். 2024 கணக்குப்படி உலகில் இணையம் பயன்படுத்தாதவர்கள் 260 கோடி பேர், ஏழை நாடுகளில் பயன்படுத்துவோர் 27 சதவீதம்தான், பணக்கார நாடுகளில் 93. ஆனால் மொபைல் இணைய சிக்னலே எட்டாத இடத்தில் இருப்பது உலக மக்களில் 4 சதவீதம் அளவுக்குத்தான். மற்ற எல்லோருக்கும் சிக்னல் தலைக்கு மேலேயே இருக்கிறது, போன் வாங்கக் காசில்லை, மாதா மாதம் ரீசார்ஜ் கட்டாது, அல்லது அவர்கள் மொழியில் உருப்படியாக ஒன்றும் இல்லை. பெரு நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டு லட்சத்துக்கும் மேல் சின்ன லேப்டாப் வாங்கிக் கொடுத்தார்கள், பிறகு ஆய்வு செய்தால் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் ஒரு முன்னேற்றமும் தெரியவில்லை. வாத்தியாருக்குப் பயிற்சி கொடுக்கிறதைத் திறந்து வைக்க எந்த அமைச்சர் வருவார்?

அமெரிக்கா 2025இல் தன் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டையே மூடிவிட்டது. அதை நம்பி நடந்த பயிற்சிகளை யார் நடத்துவது? அடுத்தவன் காசில் மாதாந்திர பில் கட்டுகிறவனுக்கு இதுதான் கதி.

சேலத்தான் தான்சானியாவில்:

வியாபாரம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்திரேலியா எந்தக் காரணத்துக்காகப் போட்டாலும் கேபிள் அங்கே இருக்கிறது, அதுவரை சாட்டிலைட்டுக்குக் கொட்டிக் கொடுத்தார்கள். இரண்டு பெரிய நாடு சண்டை போட்டால் நடுவில் இருக்கிறவன் நல்ல விலை பேசலாம். என் கேள்வி வேறு, அந்த நாட்டு அரசு தன் பட்ஜெட்டில் பில் கட்டுகிற அளவுக்குத் திட்டம் சின்னதாக இருக்கிறதா என்பதுதான். அப்படி இருந்தால் கொடுத்தவர் போனாலும் ஓடும்.

காப்பிக்காடு:

எல்லோருக்கும் நன்றி. கோணல்கேள்வி சார் சொன்ன அந்த 4 சதவீதத்தில் நாங்களும் இருக்கிறோம் போல, பெருமைதான்! தங்கை மகளிடம் எம்-பெசா கதையைச் சொல்லிவிட்டேன், அவள் எதிரணியாம், பெரு லேப்டாப்தான் வேண்டுமாம். உதவி கொடுக்கவே கூடாது என்ற என் வாதத்தை இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன், 450 கோடியில் எங்கள் டவர் ஒளிந்திருக்கவில்லை என்பது புரிகிறது. எக்ஸ்சேஞ்ச் ஐயா, அந்த உள்ளூர் உண்டியலை ஆட்டுவதற்கு என்ன வழி? மனு கொடுத்தோம், ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு காகிதம் வந்ததோடு சரி.

பழைய எக்ஸ்சேஞ்ச்:

மனுவில் ‘டவர் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் அந்தக் காகிதம்தான் வரும். மலையில் டவர் நிற்பதற்கு மூன்று இடத்தில் சிக்கும்: நிலம் வனத்துறையுடையதா, மூன்று பேஸ் கரண்ட் இருக்கிறதா, அடுத்த டவர் கண்ணுக்குத் தெரிகிறதா. வனத்துறைக்கு வெளியே இருக்கிற புறம்போக்கு சர்வே எண்ணை விஏஓவிடம் எழுதி வாங்குங்கள். வீட்டுக் கணக்கு, ரேஷன் அட்டைக் கணக்கு இரண்டையும் சேர்த்து அடுத்த கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள், ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 எதுவானாலும் சரி. தீர்மான நகல் கலெக்டருக்கும் எம்பிக்கும் போகட்டும்.

அப்புறம், எந்த இடத்தில் சிக்னல் இருக்கிறது என்று கம்பெனிகள் தங்கள் இணையதளத்திலேயே வரைபடம் போட வேண்டும் என்று 2024இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதி வந்திருக்கிறது. உங்கள் ஊர் அதில் சிக்னல் உள்ள இடமாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, ரேஷன் மிஷினில் ‘நெட்வொர்க் இல்லை’ என்று வருகிற திரையையும் தேதியோடு போட்டோ எடுத்து, இரண்டையும் மனுவோடு வைத்து அனுப்புங்கள். பிரிண்ட் எடுக்க மலை இறங்கித்தான் வர வேண்டும், வரும்போது வீட்டுக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன்.