அம்மாவுக்கு நீரிழிவு: 'இறுக்கமாக இருந்தால்தான் வசதி' என்கிறார், எந்தச் செருப்பை வாங்குவது?

நங்கநல்லூர் மகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 63. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மாத்திரையோடு இரவில் இன்சுலினும் போட்டுக்கொள்கிறார். அண்மையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியவருக்கு ஒரு காலில் மட்டுமே செருப்பு இருந்தது. மற்றொன்று எங்கே கழன்றது என்று கேட்டேன். அப்போதுதான் குனிந்து காலைப் பார்த்தார். இரண்டு தெரு தூரமாவது வெறுங்காலில் நடந்து வந்திருக்க வேண்டும். அது அவருக்குத் தெரியவேயில்லை.

புதுச் செருப்பு வாங்கலாம் என்று தியாகராய நகரில் ஒரு கடைக்கு அழைத்துச் சென்றேன். 6-ஆம் எண்ணைப் போட்டதும் "கச்சிதமாக இருக்கிறது" என்றார். 7-ஐப் போட்டால் "காலில் இருக்கிற மாதிரியே இல்லை, கழன்றுவிடும்" என்றார். ஆனால் அந்த 6-ஆம் எண் செருப்பில் சுண்டுவிரல் பட்டைக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். "போட்டுக்கொள்கிறவருக்கு எது வசதியோ அதைத்தானே எடுக்க வேண்டும்?" என்று விற்பனையாளர் சொல்ல, ஒன்றும் வாங்காமலே திரும்பிவிட்டோம்.

அவர் சொல்லை நம்புவதா, என் கண்ணை நம்புவதா என்பதே என் முதல் கேள்வி. சர்க்கரை நோயாளிகளுக்கென்று சொல்லப்படும், மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்புதான் வாங்க வேண்டுமா, நடைப்பயிற்சிக்குப் போடும் ஷூ போதுமா என்பதும் தெரியவில்லை. இதற்கிடையில் உறவினர் ஒருவர் உள்ளே முள்முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பை வாங்கிக் கொடுத்து, அதைப் போட்டு நடந்தால் இரத்த ஓட்டம் சீராகிவிடும் என்கிறார். வீட்டுக்குள் செருப்புப் போடச் சொன்னாலோ, பூஜை செய்கிற வீட்டில் அதெல்லாம் கூடாது என்று அம்மா ஒரே பிடியாக மறுக்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பாதநலச் செவிலி:

சகோதரிக்கு வணக்கம். நீரிழிவு நோயாளிகளின் கால்களைப் பராமரிக்கும் பிரிவில் பணியாற்றுகிறேன். உங்கள் கண்ணையே நம்புங்கள். அம்மா பொய் சொல்லவில்லை. அவருடைய கால்தான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

இரத்தச் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாக இருக்கும்போது நரம்புகள் சேதமடைகின்றன. உடலிலேயே மிக நீளமான நரம்புகள் காலுக்குச் செல்பவை என்பதால் உணர்வுக் குறைவு பெரும்பாலும் விரல் நுனிகளில் தொடங்கி மேலே ஏறுகிறது. உணர்வு குறைந்த காலுக்கு, சரியான அளவுள்ள செருப்பு தொளதொளவென்று இருப்பதாகவே தோன்றும். நன்றாக அழுத்திப் பிடித்தால்தான் 'ஏதோ காலில் இருக்கிறது' என்ற உணர்வே வரும். அதனால்தான் எங்களிடம் வருபவர்களில் பலர் ஓர் எண் குறைவான காலணியை அணிந்துகொண்டு, அதுதான் தமக்கு வசதி என்று மனதார நம்புகிறார்கள். மற்றவர்களுக்கு ஷூ கடித்தால் நொண்டுவார்கள், கழற்றி எறிவார்கள். இவர்களோ அதே இடம் உரசி உரசிக் கொப்புளமாகி, அது உடைந்து புண்ணான பிறகும் நடந்துகொண்டிருப்பார்கள். செருப்பு கழன்றதை அம்மா அறியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது மறதியன்று. ஏறக்குறைய ஒரு பரிசோதனை முடிவு.

ஆகவே செருப்புக்கு முன்னால் காலைச் சோதிக்க வேண்டும். இன்றைக்கே வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். அம்மா கண்ணை மூடிக்கொள்ளட்டும். இரண்டு பாதங்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடிகள் மெதுவாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொடுவது தெரிந்தால் எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்வு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவமனையில் இதையே 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையாலும், அதிர்வுணர்வை அளக்கும் பயோதீசியோமீட்டராலும் பார்ப்பார்கள். காலின் இரத்த ஓட்டத்தையும் சேர்த்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இனி அளவுக்கு வருகிறேன். அம்மாவை ஒரு வெள்ளைத் தாளின் மேல் நிற்க வையுங்கள். உட்கார்ந்தபடி அளந்தால் உடல் எடை இறங்காது, பாதம் விரிவதும் தெரியாது. பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதங்களையும் சுற்றி வரைந்து, பெரிய பாதத்தின் வரைபடத்தை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் அந்தத் தாளைக் காலணிக்குள் வைத்தால் ஓரங்கள் எங்கும் மடங்கக் கூடாது. மிக நீண்ட விரலுக்கு முன்னால் 1 முதல் 2 சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். பலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாம் விரல் நீளம் என்பதையும் கவனியுங்கள். விரல்கள் தொடங்கும் மூட்டுகள்தாம் பாதத்தின் அகலமான இடம். அங்கே பிதுக்கமும் கூடாது, பாதம் பக்கவாட்டில் ஆடவும் கூடாது. மூடிய ஷூவாக இருந்தால் விரல்களுக்கு மேலே உயரம் போதுமா என்று உள்ளே கைவிட்டுப் பாருங்கள். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் கடைக்கு மாலையில் போவதே நல்லது. 6, 7 என்ற எண்களை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் 7 இன்னொரு கம்பெனியின் 6-ஆக இருக்கும்.

கழன்றுவிடும் என்ற பயத்துக்கு மருந்து இறுக்கமன்று, பின்வார். குதிகாலுக்குப் பின்னால் பட்டையும், முன்பாதத்தில் கூட்டிக் குறைக்கக்கூடிய வெல்க்ரோவும் உள்ள செருப்பாக எடுங்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் வரும் ஹவாய் செருப்பு வேண்டாம்: அந்த இடுக்கு உரசிப் புண்ணாகும், விரல்களும் செருப்பைப் பற்றிக்கொள்ள ஓயாமல் இறுக்கிக்கொண்டே இருக்கும்.

அக்குபிரஷர் செருப்பை இன்றே அப்புறப்படுத்துங்கள். உணர்வுள்ள காலில் அது குத்தும். உணர்வில்லாத காலில், நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் அதே புள்ளிகளில் எடையை இறக்கும். வலிக்காததால் நிறுத்தவும் மாட்டார்கள். கொடுத்த உறவினர் வருத்தப்பட்டால் மருத்துவர் தடுத்துவிட்டார் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

பெரியமேடு காலணிக்காரர்:

அம்மணி, செவிலியம்மா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. தோல் வணிகமும் காலணித் தொழிலும் நடக்கும் பெரியமேட்டில் பல காலமாக இருப்பவன் என்ற முறையில் எம்.சி.ஆர். பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மைக்ரோ செல்லுலர் ரப்பர் என்பதன் சுருக்கம் அது; உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர். இதற்கு நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்று உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு 1946-இல் வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் பாதங்கள் சிதைவதற்குக் கிருமி மட்டும் காரணமன்று, வலி தெரியாத காலில் ஓயாமல் விழும் அழுத்தமே பெரிய காரணம் என்று கண்டறிந்தார். அந்த அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பிவிடுவதற்காக அங்கே பயன்பாட்டுக்கு வந்தது இந்த ரப்பர். பின்னாளில் அமெரிக்கா சென்ற அவர் நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் அதே பாடத்தைக் கொண்டுசென்றார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எம்.சி.ஆர். என்றதும் 'அது அந்த நோய்க்காரர்கள் போடுவது அல்லவா?' என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய கறுப்புப் பட்டைச் செருப்பைக் காட்டினால் உங்கள் அம்மாவும் மறுக்கக்கூடும். இப்போது பார்வைக்குச் சாதாரணச் செருப்பாகவே தெரியும் வகைகள் பழுப்பு, மெரூன் நிறங்களில் கிடைக்கின்றன; அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் நீரிழிவுக் காலணிகளில் ஆய்வு செய்திருக்கிறது.

'டயபெடிக்' என்று அச்சடித்து விற்பதெல்லாம் எம்.சி.ஆர். ஆகிவிடாது. உட்பாகத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நசுக்கிப் பாருங்கள். நன்றாக அமுங்க வேண்டும், கையை எடுத்ததும் பழையபடி எழும்ப வேண்டும். அமுங்கவே இல்லை என்றால் அது வெறும் அட்டை. அமுங்கியது எழவில்லை என்றால் ஒரு மாதத்தில் தட்டையாகிவிடும் நுரை. அடிப்பாகம் இதற்கு நேர்மாறாக உறுதியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தெருவில் கிடக்கும் ஆணி மேலே வந்துவிடும். செருப்பை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தால் விரல் மூட்டு வரும் இடத்தில்தான் மடங்க வேண்டும், நட்டநடுவில் மடங்கினால் விட்டுவிடுங்கள். பட்டையின் உட்புறத்தில் தையல் முடிச்சோ ஆணித் தலையோ தட்டுப்படுகிறதா என்று உங்கள் விரலால் தடவிப் பாருங்கள், அம்மாவின் விரலால் வேண்டாம்.

இன்னொன்று. பெண்களுக்கான செருப்புகள் பெரும்பாலும் குறுகலாகவே வருகின்றன. அகலப் பாதம் என்றால் ஆண்கள் பிரிவில் அதே நீளத்தில் தேடினால் பொருந்தும். அம்மாவிடம் அதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

மயிலாப்பூர் ஓய்வூதியர்:

எனக்கும் நெடுநாளாகச் சர்க்கரை உண்டு, காலில் மரமரப்பும் உண்டு. வீட்டுக்குள் போடுவதற்கென்று தெருவையே பார்க்காத ஒரு ஜோடியை வைத்துக்கொள்வதுதான் எங்கள் வீட்டில் ஏற்பட்ட சமாதானம். பூஜை அறையின் வாசற்படியில் அதைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறேன். சமையலறையில் சிந்திய கடுகும், உடைந்த வளையல் துண்டும், மேசைக் காலில் இடித்துக்கொள்வதும் வீட்டுக்குள்தானே நடக்கின்றன என்று எடுத்துச் சொன்ன பிறகு என் மனைவி ஒப்புக்கொண்டார்.

கோயில்தான் சிக்கல். சித்திரை வைகாசியில் கபாலீசுவரர் கோயில் பிரகாரத்துக் கருங்கல் பத்து மணிக்கே கொதிக்கும். நான் நடை திறந்ததும் போய்விடுவேன், அல்லது கனமான பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்வேன். திருவண்ணாமலைக் கிரிவலத்தை மட்டும் விட்டுவிட்டேன். 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடக்க மருத்துவர் அறவே தடை விதித்துவிட்டார்.

பாதநலச் செவிலி:

ஐயா, காலையில் போவது மிகவும் சரி. சாக்ஸ் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: சூடேறிய கல்லில் அது சிறிது நேரம்தான் தாங்கும், கூர்மையான கல்லையோ ஆணியையோ தடுக்காது. பிரகாரத்தில் தேங்காய் ஓடு கிடந்தால் சாக்ஸ் எந்த மூலைக்கு? வெயில் ஏறிவிட்டால் நிழல் விரிப்பை விட்டு இறங்காமல் தரிசனத்தை முடித்துக்கொள்வதே மேல். சாக்ஸ் வெள்ளையாகவோ வெளிர் நிறத்திலோ இருக்கட்டும். இரத்தமோ நீரோ கசிந்தால் உடனே கண்ணில் படும். மேல்விளிம்பில் இறுக்கமான எலாஸ்டிக் வேண்டாம்.

நங்கநல்லூர் மகள்:

அனைவருக்கும் நன்றி. விரல் நுனிச் சோதனையைச் செய்தேன். ஆறில் நான்கை அம்மா உணரவில்லை. எங்கள் மருத்துவரும் மோனோஃபிலமென்டால் சோதித்துவிட்டு உணர்வு குறைந்திருப்பதை உறுதி செய்தார். இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, விரலிலோ எலும்பிலோ கோணல் எதுவும் இல்லை என்றார். வலது முன்பாதத்தின் அடியில் தோல் காய்த்திருப்பதை அவர் காட்டிய பிறகே நான் பார்த்தேன். அம்மா அதைக் கால் ஆணி என்று நினைத்து, மருந்துக்கடையில் விற்கும் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டிருந்தாராம். வெல்க்ரோ செருப்புக்கு இப்போது சம்மதித்துவிட்டார். காலை நடைக்கு ஷூ வாங்கலாமா? மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் தேங்குமே, அப்போது என்ன செய்வது?

பாதநலச் செவிலி:

அந்தப் பிளாஸ்திரியை எடுத்துவிடுங்கள். அதிலுள்ள அமிலம் காய்ப்பை மட்டுமல்லாமல் சுற்றியுள்ள நல்ல தோலையும் அரிக்கும். பிளேடால் சீவுவதும் கூடாது. காய்ப்பு என்பது அந்த இடத்தில் அழுத்தம் அதிகம் என்பதற்கான அடையாளம், அதை மருத்துவமனையில்தான் செதுக்கி எடுக்க வேண்டும்.

கோணல் இல்லாத பாதம் என்பதால், விரல் பகுதி அகன்று உயரமாக உள்ள, நாடாவோ வெல்க்ரோவோ வைத்த நடை ஷூ தாராளமாகப் போதும். நாடா இல்லாமல் நுழைத்துக்கொள்ளும் வகை வேண்டாம். அது கழலாமல் நிற்க வேண்டுமென்றால் இறுக்கமாகத்தான் இருந்தாக வேண்டும். அணியும் முன் ஒவ்வொரு முறையும் கவிழ்த்து உதறி, உள்ளே கைவிட்டுத் தடவச் சொல்லுங்கள். பின்னாளில் விரல் மடங்கினாலோ, ஒருமுறை புண் வந்து ஆறினாலோ கடைச் சரக்கு போதாது, அளவெடுத்துச் செய்ய வேண்டியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மாற்று ஜோடி ஒன்று அவசியம். ஈரமான செருப்பை மறுநாளும் போட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும், அதன் வழியாகக் கிருமி உள்ளே போகும். தேங்கிய நீரில் இறங்க நேர்ந்தால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, இடுக்குகளை ஒற்றித் துடைத்து, நீங்களே ஒருமுறை பாதத்தின் அடியைப் பாருங்கள். வறண்ட குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் தடவக் கூடாது. கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும், நடையை நிறுத்திவிட்டு உடனே அழைத்துச் செல்லுங்கள்.

புதியது வந்ததும் நேரே கடைத்தெருவுக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். முதல் நாள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் மட்டும் போடச் சொல்லிக் கழற்றிப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணி நேரத்திலும் மறையாவிட்டால் அந்தக் காலணி அம்மாவுக்கு ஆகாது. அதனால் வீட்டுக்குள் மட்டும் போட்டுப் பார்த்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் முன்கூட்டியே கேட்டு, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.