40 மி.கி. நிவோலுமாப் (புற்றுநோய் ஊசி மருந்து) குப்பியில் பாதியை எடுத்துக்கொள்ள யாராவது உண்டா?

வணக்கம். ஊர் தங்கச்சிமடம். அப்பாவுக்கு வயது 58, விசைப்படகு ஓட்டியவர். வாய்ப் புற்றுநோய். ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் முடிந்தும் திரும்ப வந்துவிட்டது.

மதுரையில் குறைந்த அளவு நிவோலுமாப் ஆரம்பித்தார்கள். 3 வாரத்துக்கு ஒரு தடவை 20 மி.கி., கூடவே மூன்று மாத்திரை. மும்பை டாட்டா மெமோரியல் டாக்டர்கள் 2022-இல் வெளியிட்ட முறை. நிவோலுமாப் ஓர் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்), நேரடியாகப் புற்றைக் கொல்லாது. நோயோடு சண்டை போடும் வெள்ளணுக்களான டி செல்களைப் பிடித்து வைத்திருக்கும் பிடி-1 என்ற பிரேக்கை எடுத்துவிடும். "நங்கூரத்தைத் தூக்கிவிடுற ஊசி" என்கிறார் அப்பா. எனக்கே அப்படிச் சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 10, மே 1, மே 22 என மூன்று டோஸ் ஆயிற்று. வலி குறைந்து கஞ்சி குடிக்கிறார். அசதியும் முகவீக்கமும் இருந்தன. தைராய்டு குறைந்ததால்தான், அதற்கு மாத்திரை போகிறது.

சிக்கல் குப்பியில். சிறியதே 40 மி.கி. திறந்தால் வைத்திருக்க முடியாது, கெடாமல் காக்கும் பதனப்பொருள் அதில் கிடையாது. முதல் இரண்டு டோஸை இன்னொரு நோயாளியோடு பங்கிட்டோம், அவர் நிறுத்திவிட்டார். மூன்றாவதில் பாதி மருந்து குப்பைக்குப் போனது. மீன்பிடித் தடைக்காலம் வேறு, வருமானமில்லை.

மருத்துவமனை மருந்தகம், மதுரையில் இன்னும் இரண்டு இடம், ராமநாதபுரம் மொத்தக் கடை என்று எல்லாம் கேட்டாயிற்று. காப்பீட்டில் வராதாம். மருந்தைப் பிரிப்பது மருந்தகத்தில்தான், டாக்டருக்கும் சம்மதம்.

ஜூன் 12 மதுரையில், இதே 20 மி.கி. போடும் யாராவது எங்களோடு குப்பியைப் பங்கிட வருவீர்களா?