மூன்றடி, ஆனால் எங்கிருந்து? கணப்படுப்பும் சோபாவும்

அளவுநாடா:
நேற்று இன்னோர் இழையில் சாய்வுநாற்காலி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "சோபாவுக்கும் கணப்படுப்புக்கும் நடுவே மூன்றடி விடுவதெல்லாம் பயந்தாங்கொள்ளிகளின் கணக்கு. கிட்ட உட்கார்ந்தால்தான் அது வரவேற்பறை" என்கிறார். அதற்கு விருப்பம் போட ஒரு கூட்டம் வேறு. மூன்றடி நான் கண்டுபிடித்ததல்ல. எரியக்கூடிய எதுவும் கணப்புக்கு மூன்றடிக்குள் இருக்கக் கூடாது என்று அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. சோபா எரியும். உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சில் தீ பிடித்தால் சில நிமிடங்களில் அறையே போய்விடும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

சாய்வுநாற்காலி:
விவாதிக்க ஒன்றுமில்லை என்று சொல்லத் தனி இழையே திறந்திருக்கிறீர்கள், நன்றி. மூன்றடி என்கிறீர்களே, எங்கிருந்து? தீ எரியும் வாயிலிருந்தா, அதற்கு முன்னால் தரையில் பதித்த கல்தளத்தின் விளிம்பிலிருந்தா? என் நாற்காலி தள விளிம்பிலிருந்து இரண்டடியில் இருக்கிறது. பத்து வருடமாக அங்கேயேதான். இன்னும் சாம்பலாகவில்லை.

மூலைவிளக்கு:
முதலில் ஒன்று கேட்கட்டுமா? விறகு எரிப்பதா, எரிவாயுவா, மின்சாரமா? அதைப் பொறுத்து எல்லாமே மாறுமே.

அளவுநாடா:
பத்து வருடம் எரியவில்லை என்பது ஆதாரமா? பத்து வருடம் தலைக்கவசம் போடாமல் வண்டி ஓட்டியவரும் அதைத்தான் சொல்வார், கடைசி நாள் வரை. எங்கிருந்து அளப்பது என்று கேட்பதே நழுவப் பார்க்கும் வேலை. நான் தள விளிம்பிலிருந்துதான் அளப்பேன். பொறி தளத்தில் விழுந்து, உருண்டு, விளிம்புக்கு வந்துதான் நிற்கும். பைன் மாதிரிப் பிசின் மரத்தை எரித்தவர்களுக்குத் தெரியும், பட்டாசு மாதிரி வெடிக்கும்.

செங்கல்:
கட்டுமான வேலை தெரிந்தவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். அமெரிக்க விதிகளில் அந்தத் தளத்துக்கே அளவு உண்டு. அடுப்பு வாய் 6 சதுர அடிக்குக் குறைவு என்றால் முன்னால் 16 அங்குலம், பக்கங்களில் 8 அங்குலம். அதற்கு மேல் போனால் 20, 12. பொறி விழட்டும் என்றுதான் தளமே போடுகிறார்கள். அதையும் தாண்டி மூன்றடி என்றால், 16 அங்குலத் தளத்துக்கே சோபா வாயிலிருந்து 52 அங்குலம் தள்ளிப் போகும். அப்படி யாரும் அளப்பதில்லை. வாயிலிருந்துதான் அளப்பார்கள்.

சாய்வுநாற்காலி:
கேட்டுக்கொள்ளுங்கள். என் தளம் 20 அங்குலம். அதோடு 24. ஆக 44. மூன்றடிக்கு 36. பயந்தாங்கொள்ளிகளை விட 8 அங்குலம் அதிகமாகவே பயந்திருக்கிறேன் போலிருக்கிறது.

அளவுநாடா:
அப்படியானால் நேற்று "மூன்றடியெல்லாம் தேவையில்லை" என்று ஏன் எழுதினீர்கள்? மூன்றடி விட்டுவிட்டு மூன்றடி வேண்டாம் என்று ஊருக்கு உபதேசம். இதைப் படித்து யாராவது நிஜமாகவே இரண்டடியில் சோபாவைப் போட்டால் யார் பொறுப்பு? செங்கல் அண்ணே, நீங்கள் சொல்வது தளத்தின் குறைந்தபட்ச அளவு. சோபாவின் அளவு அல்ல. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

செங்கல்:
நான் குழப்பவில்லை. வாயிலிருந்து அளப்பார்கள் என்றேன். அவ்வளவுதான்.

ஜன்னல்சீட்டு:
அகலாமலும் அணுகாமலும் தீக்காய வேண்டும் என்று பள்ளியிலேயே படித்தோமே, அது போதாதா?

அளவுநாடா:
அது மன்னரோடு பழகுவதற்குச் சொன்னது. சோபாவுக்குச் சொன்னதல்ல. அதிலும் எங்கிருந்து அளப்பது என்று இல்லை.

ஜன்னல்சீட்டு:
உவமையாகத்தான் சொன்னேன் ஐயா. எதையும் டேப் வைத்துத்தான் படிப்பீர்களா?

கரித்துண்டு:
அடியை விடுங்கள், கொஞ்சம் சூட்டைப் பேசுவோம். திறந்த கணப்படுப்பு அறையைச் சூடாக்குவதை விட அறையின் காற்றைப் புகைபோக்கி வழியே வெளியே இழுப்பதில்தான் கெட்டிக்காரன். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் குளிர்காற்று உள்ளே வரும். அதனால்தான் முகம் வேகும்போதே முதுகு நடுங்குகிறது. பழைய ஆங்கிலேய வீடுகளில் இரண்டு பக்கமும் இறக்கை வைத்த உயர்முதுகு நாற்காலி இருந்ததே, அது அழகுக்கு வந்ததல்ல, காற்றை மறிக்க வந்தது. வெப்பத்தை ஆராய்ந்த விஞ்ஞானி ரம்ஃபோர்டு பிரபு 1790-களில் அடுப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து வைத்ததும் வெப்பத்தை அறைக்குள் திருப்பத்தான். ஆகவே தூரத்தை விட, முதுகுப் பக்கம் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். தூரம் இரட்டித்தால் சூடு நாலில் ஒன்றாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அளவுநாடா:
நாலில் ஒன்று என்பது புள்ளி போன்ற சிறு மூலத்துக்கு. அகன்ற வாய்க்கு முன்னால் கிட்டத்தில் அந்தக் கணக்கு வராது. தெரியாததைப் பேச வேண்டாம். அதோடு, தூரம் என்று சொல்கிறீர்கள். எங்கிருந்து தூரம்?

கரித்துண்டு:
நான் பேசியது நாற்காலியைப் பற்றி!

மூலைவிளக்கு:
மறுபடியும் கேட்கிறேன், விறகா எரிவாயுவா? கண்ணாடி போட்ட எரிவாயு அடுப்பில் பொறியே வராது. ஆனால் கண்ணாடி 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும், குழந்தை கை வைத்தால் அவ்வளவுதான். விறகு என்றால் கம்பிவலைத் தடுப்பு வேண்டும். இது தெரியாமல் அங்குலம் பேசி என்ன பயன்?

டீப்பாய்:
எல்லாரும் அடுப்பையே சுற்றுகிறீர்கள். மனிதர்கள் பேசிக்கொள்ள வேண்டாமா? எதிரெதிர் இருக்கைகளுக்கு நடுவே எட்டடிக்கு மேல் போனால் கத்தித்தான் பேச வேண்டும். அடுப்புக்குச் செங்குத்தாக இரண்டு சோபாக்களை எதிரெதிரே போட்டு, நடுவில் டீப்பாயை ஒன்றரை அடி தள்ளி வைத்தால் யாரும் நெருப்புக்கு முதுகு காட்ட வேண்டாம். டிவியை அடுப்புக்கு மேலே மாட்டிவிட்டால் விஷயம் முடிந்தது.

சாய்வுநாற்காலி:
அடுப்புக்கு மேலே டிவியா? சினிமா கொட்டகையில் முதல் வரிசையில் உட்கார்ந்ததில்லையா நீங்கள்? கழுத்து போய்விடும். உட்கார்ந்தவர் கண் தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கும். மேலே மாட்டினால் திரையின் நடு ஐந்தடியைத் தாண்டும். கீழே இருந்து சூடும் ஏறும். பெரும்பாலான டிவிகள் 40 டிகிரி வரைதான் தாங்கும் என்று அதன் கையேட்டிலேயே இருக்கும்.

டீப்பாய்:
மேல்தட்டு நன்றாக முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் சூடு விலகிப் போகும். எங்கள் வீட்டில் எந்தத் தொல்லையும் இல்லை.

அளவுநாடா:
"எங்கள் வீட்டில் தொல்லையில்லை" கட்சியில் இன்னோர் உறுப்பினர். வாழ்த்துகள். செங்குத்தாகப் போட்டாலும் சோபாவின் அடுப்புப் பக்கத்துக் கைப்பிடி எங்கே முடிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதிலிருந்து மூன்றடி. தள விளிம்பிலிருந்து.

செங்கல்:
வாயிலிருந்து.

ஜன்னல்சீட்டு:
ஒரு தகவல். கவனம் குவியும் இடத்தை ஆங்கிலத்தில் ஃபோகஸ் என்கிறார்களே, லத்தீனில் அந்தச் சொல்லுக்கு அடுப்பு என்றே பொருள். 1604-இல் கெப்ளர்தான் அதை ஒளியியலுக்குக் கொண்டுபோனார். ஆகவே அறையின் மையம் அடுப்புத்தான் என்று சாய்வுநாற்காலி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அளவுநாடா:
அகராதியை வைத்து வீடு கட்ட வேண்டியதுதான். சாய்வுநாற்காலியின் ஆட்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன மாதம் கம்பள விவகாரத்திலும் இதே அணிதான். சோபாவின் முன்கால்கள் மட்டும் கம்பளத்தில் இருந்தால் போதும் என்று ஏழு பக்கம் வாதாடினீர்கள்.

சாய்வுநாற்காலி:
வந்துவிட்டது! நினைத்தேன், இன்னும் கம்பளம் வரவில்லையே என்று. முன்கால்கள் போதும். இன்றும் சொல்கிறேன்.

கரித்துண்டு:
கம்பளமும் எரியும். அது அடுப்பிலிருந்து எத்தனை அடி?

செங்கல்:
வாயிலிருந்து அளந்து சொல்லுங்கள்.

புதுக்குடித்தனம்:
வணக்கம், இங்கே புதியவள். எங்களுடையது மின்சாரக் கணப்பு, தீ வெறும் வெளிச்சம்தான். வெப்பத்தை அணைத்தும் வைக்கலாம். அதற்கும் மூன்றடி வேண்டுமா?

மூலைவிளக்கு:
இதைத்தான் முதலிலிருந்து கேட்கிறேன்! வெப்பம் ஓடும்போது காற்று வரும் வாய்க்கு முன்னால் மூன்றடி விடுங்கள் அம்மா. வெறும் வெளிச்சம் என்றால் அது விளக்கு மாதிரிதான். கையேட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவுநாடா:
தளமே இல்லாத அடுப்பைக் கொண்டுவந்து திசைதிருப்ப வேண்டாம். சாய்வுநாற்காலி, ஒரே கேள்வி. டேப்பைத் தளத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடத் தயாரா?

சாய்வுநாற்காலி:
படம் போட்டால் அடுப்பைப் பார்க்க மாட்டீர்கள், கம்பளத்தைத்தான் பார்ப்பீர்கள்.

அளவுநாடா:
நான்கு காலும் கம்பளத்தில் இருந்தால் நான் ஏன் பேசப்போகிறேன்?