நம்ம வீடு குழு: கவிதா அனுப்பிய ஆற்றுப் படம்

கவிதா: [படம்]
கவிதா: லம்பர் ஆறு, வட கரோலினா. இப்போதுதான் துடுப்புப் படகில் போய்விட்டு வந்தோம்.

அத்தை: ஏன் இத்தனை கருப்பு? சாயப்பட்டறைத் தண்ணீரா? முதலில் பிள்ளையைக் குளிப்பாட்டு.

கவிதா: ஐயோ, இல்லை அத்தை. கையில் அள்ளினால் பால் விடாத டீ மாதிரி தெளிவாக இருக்கிறது. முழங்கால் ஆழத்தில் நின்றேன், கால் செம்புக் கம்பி போலத் தெரிந்தது. பாதத்தைக் காணவே காணோம்.

பெரியப்பா: டீயேதான். சதுப்பில் இலை, பட்டை எல்லாம் ஊறி டானின் இறங்குகிறது. கடுக்காயில் இருக்கும் அதே துவர்ப்பு. மணல் பூமி, வண்டல் குறைவு. அதனால் கருப்பு உண்டு, கலங்கல் இல்லை.

முரளி: பெரியப்பா இன்னும் ரிடையர் ஆகவில்லை 😀
முரளி: கடலில் எங்கே சேர்கிறது?

கவிதா: நேராகப் போகாதுடா. சாண்ட்ஹில்ஸ் என்ற மணல்மேட்டில் பிறந்து, லம்பர்டன் ஊர் வழியாக வளைந்து வளைந்து தெற்கு கரோலினாவுக்குள் போய் லிட்டில் பீ டீ ஆற்றில் விழும். அது கிரேட் பீ டீயில். அப்புறம்தான் வின்யா விரிகுடா.

முரளி: டீ ஆறு போய் பீ டீயில் சேருதா 😂

கவிதா: 😂 ஆனால் சாது இல்லை. 2016 மேத்யூ புயல், 2018 ஃபிளாரன்ஸ், இரண்டிலும் லம்பர்டனில் வெள்ளம் புகுந்தது.

பெரியப்பா: லம்பர் என்றால் அறுப்பு மரம் அல்லவா?

கவிதா: ஆமாம் பெரியப்பா. மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஜார்ஜ்டவுன் துறைமுகம் வரை இதில்தான் மிதக்க விட்டார்கள். 1809இல் மாநிலச் சட்டமன்றமே அந்தப் பெயரை வைத்துவிட்டது. இங்குள்ள பழங்குடியினர் லம்பி மக்கள். லம்பி என்பதே கருந்தண்ணீரைக் குறிக்கும் பழைய சொல் என்று அவர்களில் பலர் சொல்வதுண்டு.

பெரியப்பா: அது பொருத்தமாக இருக்கிறது. மரக்கடைப் பெயரைவிட எவ்வளவோ மேல். 1809க்கு முன் வெள்ளைக்காரர்கள் என்ன சொன்னார்கள்?

கவிதா: ட்ரௌனிங் க்ரீக். மேல்பகுதிக்கு இன்றும் அதே பெயர்தான்.

அத்தை: அப்படி என்றால்?

முரளி: மூழ்கடிக்கும் ஓடை, அம்மா.

அத்தை: கவிதா, கூப்பிடுகிறேன். போனை எடு.