கேசட்டில் மட்டும் இருந்த ஆறு ஆண்டுகள்

குழு: தெற்குத் தெரு வீட்டார்
ஞாயிற்றுக்கிழமை

[காலை 7:05] வள்ளி சித்தி: அனைவருக்கும் காலை வணக்கம். இங்கே இரவெல்லாம் மழை.

[7:12] கயல்: இங்கே நியூ ஜெர்சியில் இன்னும் சனிக்கிழமை இரவுதான், சித்தி. இன்று பழைய பொருள் கடையில் ஒரு சிடி கிடைத்தது. 1979 முதல் 1983 வரை வந்த ஹிப்ஹாப், அதாவது தாளத்தோடு வரிகளைப் பேசுவதுபோலப் பாடும் ராப் பாடல்களின் தொகுப்பு. முன் அட்டை இல்லை. பின் அட்டையில் பாடல் வரிசை மட்டும் இருக்கிறது. மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

[7:13] கயல்: [படம்]

[7:14] அம்மா: இரவு சாப்பிட்டாயா?

[7:14] கயல்: தோசை ஊற்றிச் சாப்பிட்டேன், அம்மா.

[7:16] இளங்கோ: அக்கா, ராப் இவ்வளவு பழையதா? தொண்ணூறுகளில் தொடங்கியது என்றல்லவா நினைத்திருந்தேன்!

[7:21] கயல்: ஹிப்ஹாப் பிறந்தது 1973 ஆகஸ்ட் 11 என்கிறார்கள், இளங்கோ. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, 1520 செட்ஜ்விக் அவென்யூ, அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறை. பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும் என்று சிண்டி கேம்பெல் என்ற பெண் அங்கே ஒரு நடன விருந்து வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு போட்டவர் அவளுடைய அண்ணன் கிளைவ். ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பம். டிஜே கூல் ஹெர்க் என்றால்தான் உலகத்துக்குத் தெரியும்.

[7:26] பெரியப்பா: விருந்தில் இசைத்தட்டு போடுவது எல்லா ஊரிலும் உண்டே, கயல். இவர் புதிதாக என்ன செய்தார்?

[7:31] கயல்: பாட்டின் நடுவில் எல்லாக் கருவிகளும் நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடம் வரும் அல்லவா, பெரியப்பா? அதை பிரேக் என்கிறார்கள். சில நொடிகள்தான். ஆடுகிறவர்கள் அந்த இடத்துக்காகவே காத்திருக்கிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வாங்கி, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றொன்றில் தொடங்கினார். சில நொடிகளைப் பல நிமிடங்கள் ஆக்கினார்.

[7:33] பெரியப்பா: ஊசி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழ வேண்டுமே! கண் பார்த்து வைத்தால் தவறிவிடும்.

[7:35] கயல்: அதைத்தான் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்ற இன்னொரு டிஜே சரி செய்தார். மின்னணுவியல் படித்த பையன். தட்டின் மேல் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, எத்தனை சுற்று பின்னால் திருப்ப வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டார்.

[7:41] பெரியப்பா: தட்டின் மேல் கோடா! நான் பாட்டுக் கடை நடத்திய காலத்தில் விரல் ரேகை பட்டாலே வெல்வெட் துணியால் துடைப்பேன். ஊசிக் கையைச் சுண்டுவிரலால் தாங்கித்தான் இறக்குவேன். கடைப்பையன் சுழலும் தட்டில் கை வைத்ததற்கு ஒருநாள் அடித்தே விட்டேன். இன்றைக்கும் மனம் வருந்துகிறேன்.

[7:44] கயல்: பிராங்ஸில் தியோடர் என்ற பையனுக்கும் வீட்டில் அதே திட்டுதான், பெரியப்பா. சத்தத்தைக் குறை என்று அம்மா அறைக்குள் வந்திருக்கிறார். அவர் பேசி முடிக்கும் வரை அவன் தட்டைக் கையால் பிடித்து நிறுத்தியிருக்கிறான். கை அசைய அசைய ஒரு கீறல் ஒலி. அதையே மாதக்கணக்கில் பழகி மேடைக்குக் கொண்டுவந்தான். ஸ்க்ராட்ச் பிறந்த கதை அதுதான்.

[7:46] இளங்கோ: இரண்டு தட்டுகளின் ஒலியைக் கலக்கும் மிக்ஸர், பெரிய ஸ்பீக்கர், இதற்கெல்லாம் பணம்?

[7:48] கயல்: அது தெரியவில்லை. மின்சாரத்துக்காவது செலவில்லை: பூங்காவில் நடத்தும்போது தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் இழுத்தார்கள்.

[7:52] வள்ளி சித்தி: எழுபதுகளில் பிராங்ஸில் தெருத் தெருவாக வீடுகள் எரிந்து கிடந்ததைப் படித்திருக்கிறேன். ஊருக்கு நடுவே அதிவேகச் சாலை போட்டு ஆயிரக்கணக்கானவர்களைக் கிளப்பி விட்டார்கள். அந்த ஊரா?

[7:55] கயல்: அதே ஊர்தான், சித்தி. தொகுப்பில் 1982-ஆம் ஆண்டுப் பாடல் ஒன்று இருக்கிறது, "தி மெசேஜ்". அதன் முதல் சரணம் எங்கு பார்த்தாலும் உடைந்த கண்ணாடி என்று தொடங்கும். மெல்லி மெல், டியூக் பூட்டி இருவரின் குரல். அதைக் கேட்ட பிறகு சற்று நேரம் வேறெதுவும் கேட்க முடியவில்லை.

[7:58] பெரியப்பா: பாடல் வரிசையைச் சொல். தொகுப்பு என்றால் எதற்குப் பின் எது என்பதில்தான் இருக்கிறது. 60 நிமிடக் கேசட்டுக்கு ஆள்கள் சீட்டு எழுதித் தருவார்கள். அந்த வரிசையிலேயே ஆளின் மனம் தெரிந்துவிடும்.

[8:03] கயல்: முதலில் ஃபேட்பேக் பேண்டின் "கிங் டிம் III". இரண்டாவது சுகர்ஹில் கேங்கின் "ராப்பர்ஸ் டிலைட்", 14 நிமிடத்துக்கு மேல். இரண்டும் 1979. பிறகு தென் கரோலினாவின் மூன்று பெண்கள் சேர்ந்த "தி சீக்வென்ஸ்". பிறகு 1980-இல் கர்டிஸ் புளோ என்ற பாடகர். அதற்கடுத்து ஃபங்கி ஃபோர் பிளஸ் ஒன். இதில் அந்த "ஒன்" ஷா-ராக் என்ற பெண்! நான்கு ஆண்களுக்கு நடுவே அவள் குரல் வரும்போது பாட்டே நிமிர்ந்து உட்காருகிறது. 1981-இல் இந்தக் குழு அமெரிக்கத் தேசியத் தொலைக்காட்சியில் பாடியது.

[8:09] பெரியப்பா: 1973-இல் பிறந்தது என்கிறாய். முதல் பாட்டு 1979. நடுவில் ஆறு ஆண்டுகள் எங்கே?

[8:10] கயல்: தட்டு வரவில்லை, பெரியப்பா. எல்லாம் கேசட்டில்தான். விருந்தில் பதிவு செய்து, பிரதி எடுத்து, கைமாறி, வாடகைக் கார்களில் ஓடின.

[8:13] பெரியப்பா: அப்படியானால் உன் கையில் இருப்பது பாதிக் கதை. ஆறு ஆண்டுகள் உழைத்தவர்களின் பெயர் அந்த அட்டையில் இருக்காது.

[8:20] கயல்: உண்மை. எனக்கு இன்று முழுவதும் உறுத்துவதும் அதுதான். "ராப்பர்ஸ் டிலைட்"டில் பிக் பேங்க் ஹாங்க் பாடுகிறார். நான் இருக்கும் இதே மாநிலத்தில், எங்கிள்வுட்டில், பீட்சா கடையில் வேலை செய்துகொண்டே கேசட்டுடன் சேர்ந்து பாடியவரைப் பார்த்துத்தான் பதிவுக்கு அழைத்தார்கள். அவர் பாடியதோ நண்பர் கிராண்ட்மாஸ்டர் கேஸ் நோட்டில் எழுதி வைத்திருந்த வரிகள். கேஸின் பழைய மேடைப் பெயர் காசனோவா ஃபிளை. அந்தப் பெயரின் எழுத்துகளைக்கூட மாற்றாமல் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாடுகிறார்!

[8:21] வள்ளி சித்தி: அடுத்தவர் பெயரைத் தன் பெயராகவா? எழுதியவருக்குப் பணம்?

[8:22] கயல்: பங்கு கிடைக்கவில்லை. இந்த அட்டையில் பெயரும் இல்லை.

[8:24] வள்ளி சித்தி: அநியாயம்.

[8:31] கயல்: [படம்] அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் "வரிகள்: கேஸ்" என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

[8:33] பெரியப்பா: பளபளப்பு அட்டையில் பென்சில் நிற்காது. பால்பாயிண்ட் பேனாவும் வழுக்கும். மார்க்கரால் எழுதி, காயும் வரை மூடாதே.