வெள்ளவத்தை வீட்டுக் குழு: டிசம்பரில் எங்கே ஓடுவது

சனிக்கிழமை

நான்: எல்லோருக்கும் காலை வணக்கம். ஒரு கேள்வி, சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். இந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு முழு அயன்மேன் செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தேன், அதாவது 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அதற்கு மேல் 42.2 கி.மீ. ஓட்டம். நினைத்தது பெப்ரவரியில், குதிக்கால் போனது மார்ச்சில். இப்போது பிசியோ தந்த பயிற்சியில் ஐந்தாவது கிழமை. எந்த ஊர்ப் பாதை ஆகத் தட்டையானது என்று சொல்லுங்கள், அதிலேயே பதிந்துவிடுகிறேன்.

பெரியம்மா: எந்தக் கால் அப்பன்?

நான்: இடது, பெரியம்மா.

பெரியம்மா: நரம்பு பிசகியிருக்கும். நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவு.

பேர்த் அக்கா: பெரியம்மா, அது நரம்பு இல்லை, தசைநாண். கெண்டைச் சதையைக் குதி எலும்போடு சேர்த்துக் கட்டுகிற கயிறு. எண்ணெய் தடவட்டும், கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அதனால் ஆறாது.

மச்சான்: நோர்வேயில் நோர்ஸ்மன் என்று ஒன்று இருக்கிறது மச்சான். கப்பலில் இருந்து குளிர் தண்ணீருக்குள் குதிக்க வேண்டும், ஓட்டத்தின் கடைசி 17 கி.மீ. மலை ஏற்றம். உன் குதிக்காலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

வீடு (என் மனைவி): இதற்குத்தான் இவர் சிரிக்காதீர்கள் என்று சொன்னார்.

நான்: இவனைக் குழுவை விட்டுத் தூக்குங்கள் யாராவது.

சின்ன மாமா: மருமகன், முதலில் ஒன்று சொல். எப்படிப் போனது? எங்கே ஓடினாய்?

நான்: மரைன் டிரைவில்தான் மாமா. புதுச் சப்பாத்து வாங்கினேன், குதிப்பக்கம் மெல்லியது, எடை இல்லாதது, எல்லோரும் போடுகிறார்கள் என்று. அதைப் போட்டுக்கொண்டு இரண்டாவது நாளே 28 கி.மீ. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் காலை கட்டிலில் இருந்து இறங்கிக் காலை ஊன்றினால் துருப்பிடித்த கதவுப் பிணைச்சல் மாதிரி இருந்தது, குளியலறை வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். பத்து அடி நடந்ததும் இளகிவிட்டது, அதனால் சும்மா பிடிப்பு என்று நினைத்து இன்னும் மூன்று கிழமை ஓடினேன்.

பேர்த் அக்கா: அந்த மூன்று கிழமைதான் பிழை.

சின்ன மாமா: வாகனத்தைப் பார்த்தபடி வலது ஓரமாகத்தானே ஓடுவாய்? மழைத் தண்ணீர் வடிய வேண்டும் என்று வீதியை நடுவில் உயர்த்தி, ஓரத்துக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற கணக்கில் சரித்துத்தான் போடுவார்கள். நாற்பது வருஷம் நில அளவை பார்த்தவன் சொல்கிறேன். போகும்போதும் வரும்போதும் நீ வலது ஓரம் என்றால், வலது கால் எப்போதும் தாழ, இடது கால் எப்போதும் மேலே. மேலே இருக்கிற பாதம் உள்பக்கமாகத்தான் சரியும். இடது கால் மட்டும் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எந்த ஊருக்குப் போனாலும் ஓட்டம் வீதி ஓரத்திலா, கடற்கரை நடைபாதையிலா என்று பார்.

நான்: இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை மாமா.

அத்தான்: தம்பி, பஸல்டனுக்கு வா. மேற்கு அவுஸ்திரேலியா, பேர்த்தில் எங்கள் வீட்டில் இருந்து தெற்கே 220 கி.மீ. அளவில். டிசம்பர் தொடக்கத்தில் நடக்கும். மேசை மாதிரித் தட்டை. அங்கே கடலுக்குள் 1,841 மீட்டருக்கு ஒரு மரப் பாலம் போகிறது, முழுத் தூரக்காரர்கள் அதைச் சுற்றித்தான் நீந்துவார்கள். ஓட்டம் கரையோரமாகத் திரும்பத் திரும்பச் சுற்று. தங்க இடம், சாப்பாடு, வாகனம், எல்லாம் என் பொறுப்பு.

நான்: நான் மலேசியாவில் இருக்கிற லங்காவியைத்தான் யோசித்தேன் அத்தான். கிட்ட, செலவு குறைவு, நவம்பரில்.

மச்சான்: லங்காவி சைக்கிள் பாதையில் மேடு ஏறி இறங்கியே உயிர் போகும். புழுக்கமும் கொழும்பு மாதிரித்தான்.

நான்: புழுக்கம் பிரச்சினை இல்லை, 2019இல் காலிமுகத்திடலில் அரைத் தூரம் செய்தவன் நான். ஓட்டத்தில் ஒவ்வொரு தடவையும் இஸ்ஸோ வடை வண்டியைத் தாண்டிப் போனதை நினைத்தால் இன்றைக்கும் வாய் ஊறுகிறது.

பேர்த் அக்கா: சரி, இப்போதுதான் நோயாளிகளைப் பார்த்து முடித்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், வாசித்துவிட்டுக் கதை.

தம்பி, தட்டையான பாதை எது என்று கேட்கிறாய். கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்தப் பாதையை நடந்தே முடிக்கலாம்? கால் சரியில்லை என்றால் எந்தப் பாதையில் பாதியில் விட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வரலாம்? சுற்றுப் பாதையின் அருமை அதுதான். ஒவ்வொரு சுற்றிலும் கூடாரத்துக்குக் கிட்ட வருவாய், அத்தான் அங்கே நிற்பார், முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒரே நீட்டாகப் போய்வருகிற பாதையில் 15ஆவது கி.மீ.இல் குதி இழுத்தால், எப்படியும் திரும்பி வரத்தானே வேண்டும் என்று இன்னொரு 15ஐ நொண்டிக்கொண்டே ஓடுவாய். உன்னை எனக்குத் தெரியும்.

அடுத்தது, ஏற்றம். ஓட்டத்தில் ஏற்றம் வந்தால் குதி தாழ்ந்து தசைநாண் இழுபடும், அது உனக்கு ஆகாது. முழங்காலில் வலி இருப்பவர்களுக்கு இறக்கம்தான் எமன், அவர்களுக்கு நான் வேறு பாதை சொல்வேன். ஆகவே யாரோ குதிக்கால் நோவோடு எங்கேயோ ஓடி முடித்தார் என்று கேட்டுவிட்டு நீயும் போகாதே, அவருக்கு நொந்தது குதியா முழங்காலா என்று முதலில் பார். சைக்கிள் ஏற்றமும் சும்மா இல்லை, எழுந்து நின்று மிதித்தால் கெண்டைச் சதை முழுக்க வேலை செய்யும், அந்தக் களைத்த சதையோடுதான் பிறகு ஓடப் போகிறாய். லங்காவியை விடு. மச்சான் சொன்னது இந்த ஒரு தடவை சரி.

மச்சான்: இதைப் படம் பிடித்து வைத்துக்கொள்கிறேன் மச்சாள்.

பேர்த் அக்கா: அதற்காகத் தட்டைப் பாதை இலவசம் என்று நினைக்காதே. பஸல்டனில் காற்று இருக்கும், இறக்கமே இல்லை என்பதால் மிதிக்காமல் உருண்டு போக இடமில்லை, 180 கி.மீ.உம் ஒரே குனிவில் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே இன்றைக்கே சைக்கிள் கடைக்காரரிடம் போய்ச் சப்பாத்தின் கிளீட்டை, அதாவது அடியில் பெடலோடு பூட்டுகிற துண்டை, கொஞ்சம் பின்னால் தள்ளச் சொல். பெடல் விரல் நுனிக்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் குதிதான் தாங்கும். இருக்கை உயரமாக இருக்கிறதா என்றும் பார், உயரம் கூடினால் கால் எட்டாமல் நுனிக்காலால் மிதிப்பாய்.

நான்: இருக்கையை ஜனவரியில்தான் உயர்த்தினேன்.

பேர்த் அக்கா: ஏன்?

நான்: படத்தில் பார்க்க வடிவாக இருந்தது.

வீடு: 🤦🏽‍♀️

மச்சான்: ஒரு ஊசி போட்டால் என்ன? என் நண்பன் தோளில் போட்டான், அடுத்த கிழமை பந்து வீசினான்.

பேர்த் அக்கா: தோளும் குதியும் ஒன்றா? ஸ்டீரொய்ட் ஊசியைக் குதித் தசைநாணில் போடுவதை நாங்கள் தவிர்ப்போம், அறுந்துபோகிற ஆபத்து இருக்கிறது. இன்னொன்று, போன மாதம் வயிற்றுக் குழப்பத்துக்கு நீயாகச் சிப்ரோஃப்ளொக்சசின் வாங்கிக் குடித்தாய் என்று அம்மா சொன்னா. அந்த வகை மருந்துகள் தசைநாணைப் பாதிக்கலாம் என்பது தெரிந்த விஷயம், குதிக்கால்தான் முதலில் அடிபடும். இனி எந்த மருத்துவரிடம் போனாலும் எனக்குக் குதியில் பிரச்சினை இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்.

பெரியம்மா: நான் நல்லெண்ணெய்தானே சொன்னேன்.

சின்ன மாமா: குதியை இறக்கி ஏற்றுகிற பயிற்சிதானே செய்கிறாய்?

நான்: ஓம் மாமா. படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலாலும் எழும்பி, நோகிற காலால் மட்டும் மெதுவாக இறங்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவையாக மூன்று முறை, மடித்து 15 தடவையாக மூன்று முறை, காலையும் மாலையும். ஒரு நாளைக்கு 180. 12 கிழமைக்கு. சுவீடனில் அல்ஃப்ரெட்சன் என்ற மருத்துவர் 1998இல் எழுதிய முறை என்று பிசியோ சொன்னார். இப்போது பாரமும் கூட்டச் சொல்லியிருக்கிறார், அதனால் மகனின் புத்தகப் பையில் அரிசி போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு எங்கள் மாடிப்படியில் நிற்கிறேன். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் ஏறி வருகிற ஆட்கள் எல்லாம் எங்கே பயணம் என்று கேட்கிறார்கள்.

பேர்த் அக்கா: உனக்கு நோவு தசைநாணின் நடுவில்தானே? எலும்பில் ஒட்டுகிற இடம் என்றால் படிக்குக் கீழே குதியை இறக்கக் கூடாது.

நான்: நடுவில்தான். இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தால் ஒரு பட்டாணி உருளுகிற மாதிரித் தடிப்பு. போன கிழமையை விடச் சின்னதாகிவிட்டது, அல்லது நான் அப்படி நம்புகிறேன்.

பேர்த் அக்கா: தடிப்பை அளக்காதே, காலைப் பிடிப்பை அள. பயிற்சி செய்யும்போது பத்துக்கு நாலு ஐந்து வரை நொந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் காலை முந்திய நாளை விட மோசமாக இருந்தால் நேற்றுச் செய்தது கூடிப்போனது என்று அர்த்தம். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

அத்தான்: திகதிக் கணக்கையும் பார்ப்போம். இன்னும் 7 கிழமை இருக்கிறது, ஜூலைத் தொடக்கத்தில் முடியும். அதில் இருந்து பஸல்டனுக்கு 22 கிழமை. பூச்சியத்தில் இருந்து 42 கி.மீ.க்கு 22 கிழமை என்றால் கால் நல்லாக இருக்கிறவனுக்கே இறுக்கம்.

சின்ன மாமா: நடந்தால்?

அத்தான்: அதைத்தான் கணக்குப் பார்த்தேன் மாமா. அங்கே அரைத் தூரமும் இருக்கிறது, 1.9 நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். அரைத் தூரத்துக்கு வழக்கமாக எட்டரை மணித்தியாலம் தருவார்கள், போட்டிக்குப் போட்டி கொஞ்சம் மாறும், கையேட்டைப் பார்க்க வேண்டும். தம்பி நீந்த 50 நிமிடம், சைக்கிளுக்கு 3 மணி 20, உடுப்பு மாற்ற 20 நிமிடம் என்று வைத்தால் கையில் 4 மணி மிஞ்சும். 21 கி.மீ.ஐ 4 மணியில் என்றால் மணிக்கு 5.3. கொஞ்சம் வேகமான நடை, அவ்வளவுதான். ஓடவே முடியாமல் போனாலும் முடிக்கலாம்.

நான்: 21ஐ நடக்கவா அவ்வளவு தூரம் வருவது?

பெரியம்மா: யாழ்ப்பாணத்தில் இருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிறார்கள். அவர்களுக்கெல்லாம் கால் இல்லையா?

பேர்த் அக்கா: பெரியம்மா சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல. ஓட்டமே இல்லாத அக்வாபைக் என்று ஒன்றும் இருக்கிறது தம்பி, நீச்சலும் சைக்கிளும் மட்டும், அதற்கும் உலகப் போட்டி வைக்கிறார்கள். உனக்கு அது பிடிக்காது, தெரியும், அதனால்தான் நடக்கச் சொல்கிறேன். 9 நிமிடம் ஓடி 1 நிமிடம் நடக்கிற முறையை முதல் கி.மீ.இல் இருந்தே செய், நொந்த பிறகு தொடங்கினால் பிரயோசனம் இல்லை.

மச்சான்: நீச்சலை என்ன செய்யப் போகிறாய்? இனித் தென்மேற்குப் பருவக்காற்று, செப்டெம்பர் வரை கல்கிசைப் பக்கம் கடல் கொந்தளிக்கும்.

நான்: நீச்சல் குளம்தான். இரண்டு காலுக்கும் நடுவில் மிதவையை வைத்துக் கையால் மட்டும் நீந்துகிறேன், சுவரை உதைத்துத் திரும்புவதுதான் குதிக்கு ஆகவில்லை. சைக்கிளுக்கு நாளைக்குக் காலை நீர்கொழும்பு வீதி, நாலரைக்கு வா. வெசாக் பந்தல் பார்க்க வந்த சனம் கலைந்திருக்கும்.

வீடு: அங்கே கடலில் சுறா இல்லையா?

அத்தான்: ம்ம்.

வீடு: அத்தான்?

அத்தான்: 2017இல் ஒன்றைக் கண்டு நீச்சலை நிறுத்திவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அவதானமாக இருக்கிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

பெரியம்மா: கோயிலுக்குப் போகிறேன். வந்து கதைக்கிறேன்.

மச்சான்: மச்சான், இப்போதுதான் உனக்கு வேகமாக நீந்த ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை

நான்: முடிவு. பஸல்டன், அரைத் தூரம். இப்போது பணம் கட்டவில்லை, 12 கிழமை முடிந்து, ஓடி நடந்து 40 நிமிடம் தாண்டி, அடுத்த நாள் காலை சுவரைப் பிடிக்காமல் குளியலறைக்குப் போன பிறகுதான். அதற்குள் இடம் நிரம்பினால் நிரம்பட்டும். முழுத் தூரத்தை அடுத்த வருஷம் பார்ப்போம்.

பேர்த் அக்கா: இருக்கை?

நான்: இறக்கியாயிற்று, ஒரு சென்ரிமீட்டர். கிளீட்டும் பின்னால் போய்விட்டது. மெல்லிய சப்பாத்தை மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன்.

பேர்த் அக்கா: அவன் குதிக்கால் மட்டும் இரும்பா?

மச்சான்: நான் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குத்தான் போகிறேன் மச்சாள்.

திங்கட்கிழமை

வீடு: பாடசாலையில் இருந்து வகுப்பு ரீச்சர் அழைத்தார். பிள்ளை இன்றைக்கு ஐந்து கிலோ அரிசியோடு வந்திருக்கிறான், ஏதாவது தானமா என்று கேட்கிறார்.

நான்: கொப்பிகள் எங்கே?

வீடு: மாடிப்படியில்.