ஒர்க்‌ஷாப்பில் சொல்லிக்கொடுக்கும் விதம் எப்படி மாறியிருக்கிறது? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

ஃபிட்டர் டிரேட் பயிற்றுநர், அரசு ஐ.டி.ஐ.

புதிதாகச் சேர்ந்த பசங்க கையில் முதல் நாளே அரத்தைக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். நான் படித்த காலத்தில் பெஞ்ச் வைஸ் என்ற இடுக்கியில் ஒரு எம்.எஸ். பிளாட்டை (மென் எஃகுப் பட்டையை) பிடித்து வாரக்கணக்கில் ராவவேண்டும். சார் வந்து செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் ராவு. இந்தத் துண்டு எதில் போய் உட்காரப்போகிறது என்று யாரும் சொன்னதில்லை. கை நன்றாகப் பழகியது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் சலித்துப்போய்ப் பாதியில் நின்றவர்களும் உண்டு.

இப்போது, சீனியர் பசங்க செய்து முடித்த ஆண்-பெண் ஃபிட்டிங் (ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் துண்டுகள்) இரண்டு செட்டை முதலில் மேஜையில் வைக்கிறேன். ஒன்று வழுக்கிக்கொண்டு உட்காரும், இன்னொன்று மாட்டிக்கொள்ளும். ஏன் மாட்டுகிறது என்று அவர்களே தேடவேண்டும். வெர்னியர் என்ற அளவுக் கருவியை எப்படிப் படிப்பது என்ற கேள்வி அப்போது அவர்களிடமிருந்தே வருகிறது. பயிற்சி தொடங்கிய பிறகு ஒருவன் செய்த ஜாபை (துண்டை) இன்னொருவன் அளக்கவேண்டும். அவன் எழுதிய அளவைப் பார்த்த பிறகுதான் நான் அளப்பேன். வெர்னியரில் மிகச் சிறிய அளவு 0.02 மி.மீ. டிராயிங்கில் 0.04 கூடவோ குறையவோ இருக்கலாம் என்று போட்டிருக்கும். அந்த 0.04-க்காக இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் தப்பு என்று சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

கணக்கையும் இடம் மாற்றிவிட்டேன். வெட்டு வேகத்தை வைத்து மெஷின் எத்தனை சுற்று சுற்றவேண்டும் என்று சொல்லும் சூத்திரம் முன்பு தியரி வகுப்போடு சரி. இப்போது லேத் (கடைசல் மெஷின்) பக்கத்தில் போர்டை வைத்துத்தான் போடுகிறோம். 25 மி.மீ. எம்.எஸ். ராடு, நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகம் என்றால், 30-ஐ 1000-ஆல் பெருக்கி, விட்டத்தையும் பையையும் (π) பெருக்கி வருவதால் வகுக்கவேண்டும். 382 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 382 சுற்று வரும். மெஷினில் 382 இருக்காதே, கியரை எதில் போடுவது? அதற்குக் கீழே இருப்பதில் என்று ஒரு மாணவி சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, மேலே போனால் டூல் சூடேறி முனை போய்விடும் என்றாள். பரீட்சையில் நான்கு விடைகளில் ஒன்றைக் குறிப்பதால் இந்தப் பதில் வருமா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் 2023 முதல் தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து தொழில் 4.0 மையங்கள் (புதிய தானியங்கி மெஷின்களில் பழகும் இடங்கள்) வந்தன. ரோபோ, சி.என்.சி. (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்), சிமுலேட்டர் என்று பசங்க அங்கேயே நிற்கிறார்கள். சிமுலேட்டரை நான் மனதார வரவேற்கிறேன். டூல் போய் இடித்தாலும் திரையில்தான் இடிக்கும், யாருக்கும் அடிபடாது. மெஷினைத் தொடவே பயந்தவர்களுக்கு அங்கே பயம் போகிறது. ஆனால் அதோடு முடித்துவிடக் கூடாது. ஜாப் சரியாக இறுகவில்லை என்றால் லேத் வேறு மாதிரிச் சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டுப் பழகியவன்தான் சி.என்.சி. முன்னால் நல்ல கேள்வி கேட்கிறான். அதனால் முதலில் சிமுலேட்டர், அடுத்து லேத், பிறகு சி.என்.சி. இந்த வரிசைதான் என் வகுப்பில் நன்றாக வேலை செய்கிறது.

மற்றவர்கள் எப்படி நடத்துகிறீர்கள்?

தையல் ஆசிரியை, திருப்பூர்

சார், அந்த மாட்டிக்கொள்ளும் ஃபிட்டிங் மாதிரி நான் பழைய ஜாக்கெட்டைப் பிரிக்கச் சொல்கிறேன். முன்பு காகிதத்தில் பேட்டர்ன் வரைவதில் தொடங்குவோம். துணியைத் தொடவே நாளாகும். இப்போது முதல் பாடமே வீட்டிலிருந்து ஒரு ஜாக்கெட் கொண்டுவந்து தையலைப் பிரிப்பது. டக் (மடிப்புத் தையல்) எங்கே பிடித்திருக்கிறது, கை வளைவு முன்னாலும் பின்னாலும் ஏன் ஒரே மாதிரி இல்லை என்று கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். அதன் பிறகு பேட்டர்ன் வரைந்தால் ஒவ்வொரு கோடும் எதற்கென்று தெரிகிறது.

எங்கள் ஊரில் இன்னொரு விஷயமும் உண்டு. பனியன் கம்பெனியில் முழு உடுப்பையும் ஒருவரே தைப்பதில்லை. ஓவர்லாக் மெஷினோ பேட்லாக் மெஷினோ, ஒரே வேலையைச் சீராகவும் வேகமாகவும் செய்யவேண்டும். வீட்டில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கப்போகும் பெண்ணுக்கு வேண்டியது வேறு. இரண்டுக்கும் ஒரே பாடம் போதாது என்று நான் பிடிவாதமாக நம்புகிறேன். வீட்டில் தைக்கப்போகிறவர்களுக்குக் கூலிக் கணக்கு கட்டாயம். லைனிங், ஊக்கு, நூல், கரண்டு, அவர்கள் செலவழித்த நேரம் எல்லாவற்றையும் எழுதி ஒரு ஜாக்கெட்டுக்கு என்ன கேட்கவேண்டும் என்று வகுப்பில் சொல்லவேண்டும். நேரத்துக்கு விலை போட எல்லோருக்கும் கூச்சம். அக்கம்பக்கத்தில் எப்படிக் காசு கேட்பது என்பார்கள். அதனால் ஒருத்தி தைப்பவளாகவும் இன்னொருத்தி பேரம் பேசும் வாடிக்கையாளராகவும் பேசிப் பழகுகிறார்கள்.

தொழினுட்பப் பிரிவு ஆசிரியர், யாழ்ப்பாணம்

இலங்கையில் உயர்தரத்துக்கு (பிளஸ் டூ மாதிரி) தொழினுட்பப் பிரிவு 2013-இல் தொடங்கியது. நான் விவசாயம் சார்ந்த உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் படிப்பிக்கிறேன். தொடக்கத்தில் செய்முறையையும் குறிப்பாகச் சொல்லி எழுதவிட்டதுதான் அதிகம். பிறகு சொட்டுநீர்ப் பாசனப் பாடத்தைப் பிள்ளையளின்ர வீட்டுத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனோம். எங்கட மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புக்கல், கிணத்துத் தண்ணியும் வன்னீர் (சுண்ணாம்பு கூடின தண்ணி). குழாயின் துளைகள் அடைபட்டுப் போகும். ஏன் என்று கேட்க, ஒரு பிள்ளை கேத்திலுக்குள்ள படியிற வெள்ளைதான் இது என்றது. அதுக்குப் பிறகு ஐதான (தண்ணி கலந்த) அமிலம் விட்டுக் கழுவுறதையும் வடிகட்டி பூட்டுறதையும் படிப்பிக்க எனக்குக் கஷ்டமே இருக்கேல்லை.

ஃபிட்டர் டிரேட் பயிற்றுநர்

ரொம்ப நன்றி, சார். மேடம், உங்கள் கூலிக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பசங்களில் சிலர் சொந்தமாக வெல்டிங் பட்டறையோ லேத்தோ போடவேண்டும் என்கிறார்கள். இரும்பு எடை, வெல்டிங் ராடு, கரண்டு, ஆள் கூலி என்று ஒரு ஜன்னல் கிரில்லுக்குக் கணக்குப் போடச் சொல்லப்போகிறேன். நீங்கள் போடும் கணக்குத்தாள் ஒன்றை இங்கே பகிர்ந்தால் உதவியாக இருக்கும்.